ஃபியூஸில் ப்ராசஸ் ஃபைல் காலியாகத் தெரிகிறதா?

லினக்ஸில் ஃபியூஸ் (கெர்னலை மாற்றாமலே சொந்தக் கோப்பு முறைமை எழுத உதவும் வசதி) கொண்டு, ஓடும் ப்ராசஸ்களை, அதாவது இயங்கும் நிரல்களை, ஃபைல்களாகக் காட்டும் மெய்நிகர் கோப்பு முறைமை எழுதும்போது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது: ஃபைலில் இருப்பதைக் காட்டும் 'கேட்' கட்டளை கொடுத்தால் எதுவுமே வராது. ஃபைலின் விவரங்களைச் சொல்லும் கெட்ஆட்டர் ஃபங்ஷனில் ஃபைல் அளவை 0 என்று கொடுத்திருப்பீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை நம்பிவிடும். உங்கள் ரீட் ஃபங்ஷனைக் கூப்பிடவே கூப்பிடாது. இதற்காகப் பொய்யாக ஓர் அளவு கொடுக்காதீர்கள். ஓப்பன் ஃபங்ஷனில் டைரக்ட் ஐஓ ஃப்ளாகை (அளவைப் பார்க்காமல் ரீடை நேராக உங்களிடமே அனுப்பச் சொல்லும் அமைப்பு) 1 ஆக்கினால் போதும்.

உள்ளடக்கத்தையும் ஓப்பனிலேயே ஒருமுறை தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஃபைலை மூடும்போது கூப்பிடப்படும் ரிலீஸ் ஃபங்ஷனில் மெமரியை விடுவியுங்கள். ஒவ்வொரு ரீடுக்கும் புதிதாக எடுத்தால், நடுவில் விவரம் மாறி வரிகள் பாதியில் வெட்டுப்படும்.

பட்டியல் காட்டிய மறுநொடியே ஒரு ப்ராசஸ் முடிந்துபோயிருக்கலாம். அப்போது 'ஃபைல் இல்லை' என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்புங்கள்.