வீட்டுல எடுத்து வச்ச மிளகாய் விதை முளைக்குமா?

போன வருஷம் பழத்துல எடுத்து டப்பால வச்சிருந்த மிளகாய் விதை, உயிரோட இருக்கா இல்லையான்னு தெரியாம நாத்துவிட மனசு வரல. தண்ணில போட்டு மிதக்குறத தூக்கிப் போடுன்னு சொல்வாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்லங்க, நல்லா காஞ்ச விதையே மிதக்கும். அதனால 10 விதைய எண்ணி ஈர டிஷ்யூ பேப்பர்ல பரப்பி மடிச்சு ஜிப்லாக் கவர்ல போட்டு கிச்சன்லயே கொஞ்சம் சூடான இடத்துல வச்சுட்டேன், மிளகாய்க்கு 25லருந்து 30 டிகிரி வேணும். ஈரம் இருந்தா போதும், தண்ணி சொட்டினா அழுகிடும். தக்காளி மாதிரி சட்டுனு வராது, ரெண்டு வாரம் வரைக்கும் பொறுக்கணும். 7 விதை வேர் விட்டுச்சு, அதாவது 70%. நம்ம நாட்டுல அரசு சான்று வாங்கின மிளகாய் விதைக்கே குறைஞ்சது 60% முளைப்பு தான் கேக்குறாங்க, அதனால தைரியமா மீதி விதைய நாத்து ட்ரேல குழிக்கு ரெண்டா போட்டாச்சு. வேர் விட்ட விதையையும் வீணாக்கல, ஒட்டின டிஷ்யூவோட கிழிச்சு அப்படியே ட்ரேல வச்சுட்டேன்.