பழைய குறிப்பை ஒட்டாதீர்கள்: மின்சுற்றுப் பலகை ஆவணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், இளம் வடிவமைப்பாளர்கள் தயாரிக்கும் ஆவணத் தொகுப்புகளைப் பலகை ஆலைக்குச் செல்லும் முன் சரிபார்ப்பது என் பொறுப்பு. எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. பலகையின் ஒவ்வோர் அடுக்கின் வரைவையும் ஆலைக்குத் தரும் கெர்பர் கோப்புகளில் ஓர் அடுக்கு விடுபட்டால் ஆலையே கேட்டுவிடும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முந்தைய திட்டத்தின் தயாரிப்புக் குறிப்புகளை அப்படியே ஒட்டுவது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். சீனப் பெருநாளுக்கு ஆலைகள் மூடுவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஓர் இளைஞர் நான்கு அடுக்குப் பலகை ஒன்றின் ஆவணங்களை முடித்தார். மேல் அடுக்கின் செம்புத் தடங்களுக்கும் அதன் கீழுள்ள தரைத்தளத்துக்கும் (சுற்றின் பூஜ்ய மின்னழுத்தச் செம்புப் பரப்பு) இடையே 0.1 மில்லிமீட்டர் மின்காப்பு இருக்கும் என்று கொண்டு, 50 ஓம் இம்பீடன்ஸுக்கு (வேகமான சமிக்ஞைக்குத் தடம் காட்டும் மின்னெதிர்ப்பு) ஏற்பத் தட அகலத்தைக் கணக்கிட்டிருந்தார். ஒட்டப்பட்ட பழைய குறிப்போ 0.2 மில்லிமீட்டர் என்றது. முரண்பாட்டைக் கவனித்த ஆலை, எதைப் பின்பற்றுவது என்று முறைப்படி கேட்டது. "குறிப்பின்படி செய்யுங்கள்" என்று ஒரே வரியில் பதில் போனது.

தடத்தின் அகலம் மாறாமல் மின்காப்பின் தடிமன் இரட்டிப்பானால் இம்பீடன்ஸ் ஏறத்தாழ 70 ஓமை எட்டிவிடும். ஆனால் வெற்றுப் பலகைக்குச் செய்யும் வழக்கமான மின்சோதனை, இணைப்பு அறுந்திருக்கிறதா, குறுக்கிணைப்பு உள்ளதா என்பதை மட்டுமே பார்க்கிறது. ஆகவே அத்தனை பலகைகளும் தேர்ச்சி பெற்று, விலையுயர்ந்த சில்லுகள் பொருத்தப்பட்ட பிறகுதான், அதிவேக இணைப்பு விட்டுவிட்டுத் துண்டிக்கப்படுவது தெரிந்தது. "அண்ணே, பழைய போர்டு நல்லா ஓடுச்சு, அதனால அந்த நோட்ஸையே வச்சிட்டேன்" என்றார் அந்த இளைஞர். பழைய பலகை நன்றாக ஓடியதில் ஐயமில்லை. அதன் தடங்கள் அந்த 0.2 மில்லிமீட்டருக்கென்றே வரையப்பட்டவை.

மேற்பூச்சிலும் இதே கதை நடக்கிறது. 0.5 மில்லிமீட்டர் இடைவெளியில் கால்கள் நெருங்கிய சில்லுக்குச் சமதளமான எனிக் (நிக்கல்-தங்க) பூச்சு தேவைப்படும் இடத்தில், பழைய குறிப்பு மேடுபள்ளமான ஹாசல் (உருக்கிய பற்றாசு) பூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

குறிப்புகளை வெற்றுத் தாளில் தொடங்குங்கள். அடுக்கு அமைப்பு அட்டவணையை ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள். ஆவணங்கள் முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் எழுதுங்கள். இம்பீடன்ஸ் தேவைப்படும் தடங்களின் அடுக்கு, அகலம், இலக்கு, ஏற்கத்தக்க விலகல் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பலகையோடு சேர்த்துத் தயாரிக்கும் சோதனைத் துண்டில் அளந்த அறிக்கையையும் கேளுங்கள். கேட்காவிட்டால் பல ஆலைகள் அளப்பதில்லை. ஆலை எழுப்பும் கேள்விக்கு, மூல வடிவமைப்புக் கோப்பைத் திறந்து பார்க்காமல் யாரும் பதில் எழுதக் கூடாது.

திருத்த எண்

கெர்பர், துளைக் கோப்பு, பாகப் பட்டியல், பாகம் பொருத்தும் கோப்பு ஆகிய அனைத்திலும் ஒரே திருத்த எண் இருக்க வேண்டும். பாகப் பட்டியல் மட்டும் முந்தைய திருத்தத்திலேயே நிற்பதுதான் வழக்கமாக நடப்பது.

துளை அளவு

செம்பு பூசிய பிறகு எஞ்சும் விட்டமா, துளையிடும் ஊசியின் விட்டமா என்று சொல்லுங்கள்.

பொருத்தக் கூடாத பாகங்கள்

பட்டியலிலிருந்து நீக்காதீர்கள், "பொருத்த வேண்டாம்" என்று எழுதுங்கள்.

தர வகுப்பு

மின்னணுத் துறையின் பொதுத் தரமான ஐபிசியைச் சுட்டி, "ஐபிசி தரத்தின்படி" என்று மட்டும் எழுதுவது போதாது. வகுப்பு 2 அல்லது அதைவிடக் கடுமையான வகுப்பு 3 என்று எண்ணைக் குறிப்பிடுங்கள். விலையும் ஆய்வின் கடுமையும் அதைப் பொறுத்தே அமையும்.