மொபைல்ல டெசிபல் அளக்கது எப்பிடி? கொடைக்குக் கட்டுன குழாய் ஸ்பீக்கர வச்சு ஒரு பாடம்

எங்க தெரு அம்மன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாக்கு, கம்பத்துல ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தாங்க, வீட்டு நடையில நின்னு மொபைல் ஆப்ல பாத்தா 80 டெசிபல். மத்தியானம் மைக்செட்டு அண்ணன் அதே மாதிரி இன்னொண்ண பக்கத்துலயே கட்டுனாரு, இனி 160 தான், செவி போச்சுன்னு பாத்தா 83 காட்டுது. ஆப் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன், கெடல.

டெசிபல் கூட்டுற கணக்கு இல்ல மக்கா, பெருக்குற கணக்கு. சத்தத்தோட பவர் ரெண்டு மடங்கானா 3 கூடும், பத்து மடங்கானா 10, நூறு மடங்கானா 20. ஆனா காதுக்கு 10 கூடுனாத்தான் ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தம்னு தோணும். 0 டெசிபல்னா சத்தமே இல்லைன்னு அர்த்தமும் கெடையாது, நல்ல காதுக்கு கேட்டும் கேக்காமலும் இருக்க அளவு அது.

இனி அளப்போம். முதல்ல ஆப்ல ‘ஏ வெயிட்டிங்’, ‘ஸ்லோ’ ரெண்டையும் போடுங்க. பேஸ், அதாவது தும் தும்னு வர்ற கனத்த சத்தம், நம்ம காதுல கம்மியாத்தான் ஏறும், அதுக்குத் தக்கன நம்பர சரிபண்றதுதான் இந்த ஏ. ஸ்லோ போட்டா சிங்காரி மேளம் அடிக்கும்போ நம்பர் கெடந்து குதிக்காது.

அடுத்து சுவத்த விட்டு ஒரு மீட்டராவது தள்ளி நின்னு கைய நீட்டிப் பிடிங்க, மைக் ஓட்டைய விரல் மூடக்கூடாது. காத்துதான் பெரிய வில்லன், ஆடி மாசம் முப்பந்தல்ல கரண்டு எடுக்குற காத்தாடி சத்தத்த அளக்கப் போயி மைக்குல காத்து மோதுன சத்தத்தத்தான் அளந்துட்டு வந்தேன், ஒரு துண்டு ஸ்பாஞ்ச மைக்குமேல வச்சிருந்தா கொஞ்சம் தப்பிச்சிருக்கலாம்.

பெறவு ஸ்பீக்கர் ஓடாத நேரத்துலயும் ஒருக்கா அளங்க. ஓடும்போ உள்ளதுக்கும் இதுக்கும் 10க்கு மேல வித்தியாசம் இருந்தாத்தான் நீங்க அளந்தது ஸ்பீக்கர் சத்தம்.

2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55, ராத்திரி 10 மணிலேருந்து காலைல 6 வரை 45. ஆனா மொபைல் ஆப் காட்டுன அளவ மட்டும் ஆதாரமா வச்சு மீறல்னு நிரூபிக்க முடியாது, அதுக்கு காலிபரேட் பண்ணுன, அதாவது அளவு சரியான்னு சோதிச்சு திருத்துன மீட்டர் வேணும். ஒரே மொபைல்ல எடுத்த ரெண்டு நம்பருக்கு உள்ள வித்தியாசத்த வேணா ஓரளவு நம்பலாம்.

அண்ணன்ட்ட இதக் காட்டுனேன். “ரெண்டாவத களத்தட்டா தம்பி?”ன்னாரு. களத்துனா 3 தான் கொறையும், ஸ்பீக்கர் வாய தோப்புப் பக்கமா திருப்புங்கண்ணேன்னேன். திருப்புனாரு, 74.