தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழா முடியும் நேரம். நன்றியுரைக்கு வந்தவர் தாளைப் பார்த்தபடி தலைவர், துணைத்தலைவர், சிறப்பு விருந்தினர், நன்கொடையாளர்கள், இடம் கொடுத்து உதவியவர் என்று ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார். கடைசியில், "மற்றும் இந்நிகழ்ச்சி சிறக்க உழைத்த அனைத்துத் தன்னார்வலர்களுக்கும்" என்று முடித்துக்கொள்கிறார். அந்த அனைவரில் பாதிப்பேர் காதில் அது விழுந்திருக்காது. அவர்கள் பின்னால் நாற்காலி மடக்கிக்கொண்டிருப்பார்கள்.

சம்பளமில்லாமல் வந்து உழைப்பவர்களை மதிக்காத அமைப்பு அநேகமாக இல்லை. மதிப்பு மனதில் இருக்கிறது. யார், எப்போது, என்ன செய்தார் என்ற கவனம்தான் இருப்பதில்லை. நன்றி சொல்வதில் நேரும் சொதப்பல்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் எண்ணம்.

யாருக்கும் பொருந்தும் வாசகம்

"தங்கள் மேலான பங்களிப்புக்கு நெஞ்சார்ந்த நன்றி." இதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். நாற்பது பேருக்கு ஒரே நொடியில் அனுப்பியது என்பது பெற்றவருக்கும் தெரியும். பதிலுக்கு ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

இதைப் பாருங்கள்: "சனிக்கிழமை திடீரென்று மழை பிடித்தபோது, யாரும் சொல்லாமலே பதிவு மேசையை உள்ளே நகர்த்தினீர்கள். டோக்கன் வரிசை கலையவில்லை. வயதானவர்கள் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டியிருக்கவில்லை. ரொம்ப நன்றி." ஒரு அடைமொழிகூட இல்லை. என்ன செய்தார், அதனால் யாருக்கு என்ன நடந்தது, அவ்வளவுதான். ஆனால் இந்த நான்கு வரியை எழுத வேண்டுமானால் மேசை நகர்ந்ததை யாரோ ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் நிகழ்ச்சி முடிந்த அன்று இரவே, படுக்கப்போகும் முன், ஒருங்கிணைப்பாளர் ஒரு நோட்டில் குறித்துவைப்பது நல்லது. பெயர், செய்த காரியம், ஒரு வரி. அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் "எல்லாரும் நல்லா பண்ணாங்க" என்பதுதான் நினைவில் மிஞ்சும்.

"எனக்கு அழகாக எழுத வராது" என்று தயங்குபவர்களுக்கு ஓர் ஆறுதல். அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் எல்லாம் சரியான சொல் அமையுமா, பெறுபவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று கவலைப்பட்டார்கள். கடிதம் கிடைத்தவர்களுக்கோ எழுதியவர்கள் எதிர்பார்த்த அளவு சங்கடம் இல்லை. மகிழ்ச்சி மட்டும் எதிர்பார்த்ததைவிட அதிகம். அவர்கள் நடையைப் பார்க்கவில்லை, அன்பைத்தான் பார்த்தார்கள். அலங்காரம் வராதவர்கள் நேராக எழுதட்டும்.

அலங்காரம் நன்றாக வருபவர்களால் வரும் சிக்கல் வேறு. "ஈடு இணையற்ற தியாகம்" என்று வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வருபவரைப் பார்த்துச் சொன்னால் அவர் நெளிவார். "கழிவறைச் சாவி ஏன் எப்போதும் கிடைப்பதில்லை?" என்று அவர் மூன்று முறை கேட்டதற்குப் பதில் வராமல், தியாகி பட்டம் மட்டும் வந்தால் எரிச்சல்கூட வரும். "நீங்கள் சொன்னபடி சாவிக்கு ஓர் ஆணி அடித்துவிட்டோம்" என்ற செய்தி அந்தப் பட்டத்தைவிட மேல்.

கண்ணுக்குத் தெரிபவர்களுக்கே எல்லாம்

மைக் பிடித்தவர், முகாமில் முன்னால் நின்றவர், படத்தில் நடுவில் இருப்பவர். பாராட்டு இவர்களிடம் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். கணக்கு எழுதுபவர், முந்தின நாள் எல்லாரையும் போனில் அழைத்து நினைவூட்டுபவர், விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுபவர், எல்லாரும் போனபின் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறவர் இவர்களிடம் போகாது. இவர்கள் வேலையின் இயல்பே அப்படி. ஒழுங்காக நடந்தால் யார் கண்ணிலும் படாது, ஒருநாள் வராவிட்டால்தான் தெரியும்.

பட்டியல் போடும்போது "யார் நன்றாகச் செய்தார்கள்?" என்று கேட்டால் தெரிந்த முகங்களே வரிசையாக வரும். "யார் வரவில்லை என்றால் நாளை திண்டாடுவோம்?" என்று கேட்டுப் பாருங்கள், வேறு பெயர்கள் வரும். பட்டியலைத் தலைவரின் நினைவை நம்பித் தயாரிக்காமல் தன்னார்வலர்களிடமே கேட்பது இன்னும் நல்லது. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

பெயரைப் பிழையாக அச்சிடுவதைத் தனித் தவறாகச் சொல்லத் தேவையில்லைதான். ஆனாலும் அது நடந்துகொண்டே இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக வருபவரின் முன்னெழுத்தைத் தப்பாகப் போட்ட சான்றிதழுக்குச் சான்றிதழே இல்லாமல் இருப்பது மேல். அச்சுக்குப் போகும் முன் அவரவரிடமே பெயரைக் காட்டி ஒருமுறை சரிபாருங்கள்.

பணம், பரிசு, சான்றிதழ்

அமைப்புகள் அதிகம் தடுமாறும் இடம் இது. "சும்மா வருகிறார்களே, ஏதாவது கையில் கொடுப்போமே" என்று நல்ல மனதோடுதான் தொடங்குகிறார்கள். சிறு தொகை கொடுத்தால் உற்சாகம் கூடும் என்று தோன்றும். யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிசினி இருவரும் இஸ்ரேலில் செய்த சோதனையில் நடந்ததோ வேறு. வீடுவீடாகப் போய் நன்கொடை திரட்டும் பள்ளி மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பணம் எதுவும் இல்லை. இன்னொன்றுக்குத் திரட்டிய தொகையில் 1 சதவீத அளவும், மூன்றாவதற்கு 10 சதவீத அளவும் ஊதியம். அதை நன்கொடையிலிருந்து எடுக்காமல் தனியாகக் கொடுத்தார்கள். அதிகம் திரட்டியது பணமே வாங்காத பிரிவு. மிகக் குறைவாகத் திரட்டியது 1 சதவீதப் பிரிவு. 2000ஆம் ஆண்டு இது வெளியானது. தொண்டாக நினைத்த வேலைக்கு விலை போட்டதும், "இந்தக் காசுக்கு இவ்வளவு போதும்" என்று மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சான்றிதழும் அப்படி ஆகக்கூடும். 1973இல் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. அதில் பங்கேற்றவர்கள் படம் வரைவதில் இயல்பாகவே ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகள். சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். சிலருக்குத் தரவே இல்லை. பிறகு பார்த்தபோது, முன்னமே வாக்குக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் வரையும் ஆசை குறைந்திருந்தது. எதிர்பாராமல் பெற்றவர்களுக்குக் குறையவில்லை. குழந்தைகளிடம் கண்டதைப் பெரியவர்கள் மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது. ஆனாலும் "பத்து முகாமுக்கு வந்தால் கேடயம்" என்று ஆள் சேர்க்கும் அறிவிப்பிலேயே போடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அதே கேடயத்தைப் பத்தாவது முகாம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கொடுத்தால் அது நன்றி. முதலிலேயே அறிவித்தால் கூலி.

இதைப் படித்துவிட்டு "அப்போ காசே தர வேண்டாம்" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. பயணச் செலவு, போன் செலவு, கையிலிருந்து போட்டு வாங்கிய பொருள்களின் விலை இவையெல்லாம் பரிசு இல்லை, கடன். இவற்றைத் திருப்பித் தராமல் இழுத்தடித்துவிட்டு மேடையில் நினைவுப் பரிசு நீட்டுவதைப் போல மனம் கசக்கவைப்பது வேறெதுவும் இல்லை. வசதியுள்ளவர்கள் கேட்கமாட்டார்கள், வசதியில்லாதவர்கள் கேட்கக் கூச்சப்பட்டு மெல்ல நின்றுவிடுவார்கள். ரசீதை யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் பணம் வரும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பரிசுப் பொருள் வாங்கினால் இரண்டு விஷயத்தை யோசியுங்கள். அமைப்பின் சின்னம் பெரிதாக அச்சிட்ட பையும் பனியனும் உங்களுக்கு விளம்பரம், அவருக்கு நன்றி அல்ல. விலை உயர்ந்ததாக வாங்கினாலோ, "இந்தப் பணத்தில் மருந்து வாங்கியிருக்கலாமே" என்று முதலில் முணுமுணுக்கப்போவது அதே தன்னார்வலர்தான். நன்கொடை எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும்.

உண்மையில் பயன்படும் தாள் ஒன்று உண்டு. "சிறப்பாகப் பங்காற்றினார்" என்று மட்டும் எழுதாமல், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன பொறுப்பில், எத்தனை பேரை ஒருங்கிணைத்தார், என்ன கற்றுக்கொடுத்தார் என்று விவரமாக எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். வேலை தேடும் இளைஞருக்கு அது கேடயத்தைவிட உதவும்.

"இவ்வாண்டின் சிறந்த தன்னார்வலர்"

ஒருவரை மேடையேற்றும்போது மற்ற முப்பது பேரைக் கீழே உட்காரவைக்கிறோம். அதிலும் வேலை நேரத்தை எண்ணித் தேர்ந்தெடுத்தால் ஓய்வு நேரம் அதிகம் உள்ளவரே ஒவ்வொரு ஆண்டும் ஜெயிப்பார். வீட்டில் படுக்கையில் இருக்கும் தாயைப் பார்த்துக்கொண்டே மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் வருபவர் எந்தக் காலத்திலும் ஜெயிக்கமாட்டார்.

விருதே வீண் என்று சொல்லவரவில்லை. ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் ஜானா காலஸ் நடத்தி 2017இல் வெளியிட்ட கள ஆய்வில், புதிதாக எழுதவந்தவர்கள் சிலருக்குப் பணமதிப்பு எதுவும் இல்லாத ஓர் அடையாள விருது வழங்கப்பட்டது. விருது பெறாத புதியவர்களோடு ஒப்பிட்டால், அவர்களில் அடுத்த மாதமும் தொடர்ந்து எழுதியவர்கள் 20 சதவீதம் அதிகம். கவனிக்க வேண்டியது, விருது போனது புதியவர்களுக்கு. நாம் பொதுவாகப் பத்தாண்டு நிலைத்தவருக்குக் கொடுக்கிறோம், முதல் மாதம் வந்து தயங்கி நிற்பவரை அவர் பாட்டுக்கு விட்டுவிடுகிறோம். ஒருவர் தொடர்வாரா நின்றுவிடுவாரா என்பது அந்த முதல் மாதத்தில்தான் ஊசலாடுகிறது.

கேட்காமல் படம் போடுவது

எல்லாருக்கும் மேடை பிடிக்காது. சிலர் வீட்டில் சொல்லாமல் வருவார்கள், சிலருக்கு மதம் காரணம், சிலருக்கு வெறும் கூச்சம். வன்முறையிலிருந்து தப்பிவந்தவர்களுக்கான காப்பகத்திலோ, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ பணியாற்றுபவரின் படமும் பெயரும் வெளியே போவது ஆபத்தாகவே முடியலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரிடம் கேட்டாக வேண்டும். சேரும் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் தீர்ந்தது: "உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமானால் எப்படிச் சொன்னால் பிடிக்கும்? பலர் முன்னிலையில், தனியாக, கடிதமாக, எதுவும் வேண்டாம்." நான்காவதைத் தேர்ந்தெடுத்தவரை அப்படியே விடுங்கள். "அடக்கத்தால் சொல்கிறார்" என்று நீங்களாக அர்த்தம் பண்ணிக்கொண்டு மேடைக்கு இழுக்காதீர்கள்.

நன்றியோடு சேர்த்து அடுத்த வேலை

"போன வாரம் அசத்திட்டீங்க! அடுத்த வாரமும் நீங்களே பார்த்துக்கிறீங்களா?" முதல் வாக்கியம் இரண்டாவதற்கான முன்பணம் என்பது யாருக்கும் புரியும். நன்றியை இன்று அனுப்புங்கள், வேண்டுகோளை நாளை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் செய்பவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவதும் இதில் சேர்ந்ததுதான். பாராட்டின் விலை கூடுதல் வேலை என்று தெரிந்தவர், அடுத்த முறை கொஞ்சம் சுமாராகச் செய்வார். அதில் தப்பும் இல்லை.

பாராட்டு விழாவுக்கே தன்னார்வலர்களை வேலை வாங்குவது இதன் உச்சம். பந்தியில் பரிமாறுவதும் வரவேற்பு மேசையில் நிற்பதும் அவர்களே; மேடையில் ஒன்றரை மணி நேரம் அவர்களைப் பற்றிப் பேசுவது வேறு ஆட்கள். அன்றைக்காவது நிர்வாகக் குழு தட்டைத் தூக்கட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை

டிசம்பர் 5 சர்வதேச தன்னார்வலர் தினம். ஐ.நா. பொதுச்சபை 1985இல் தீர்மானம் போட்டு அறிவித்தது. நல்ல நாள்தான், கொண்டாடுங்கள். ஆனால் மார்ச்சில் ஒருவர் செய்ததற்கு டிசம்பரில் நன்றி சொன்னால், அதற்குள் அவர் விலகிப் போயிருக்கவும் கூடும்.

விலகுபவர்களிடம்தான் பல அமைப்புகளின் உண்மையான குணம் தெரியும். குழந்தை பிறக்கிறது, வேலை மாறுகிறது, உடம்பு முடியவில்லை, அல்லது போதும் என்று தோன்றிவிட்டது. "இப்படி நடுவில் விட்டுட்டுப் போறீங்களே" என்ற அங்கலாய்ப்பும் அதற்குப்பின் மௌனமுமே பலருக்குக் கிடைக்கிறது. ஐந்து நிமிடம் போனில் பேசி, அவர் தொடங்கிவைத்ததில் எது இப்போதும் நடக்கிறது என்று சொல்லுங்கள். நாங்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள், போகிறவர் மனம்விட்டுச் சொல்வார். அவருக்குத் தர வேண்டிய செலவுப் பாக்கி இருந்தால் அந்த வாரமே முடியுங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து எண்ணை நீக்குவதென்றால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீக்குங்கள்.