நிலையான சைட் ரிவால்வரைக் குறிக்குக் கொண்டுவருவது எப்படி?

ரிவால்வரின் நிலையான சைட், அதாவது குறிபார்க்கும் பாகம், இதுதான்: முன்னால் குழல்முனையில் ஒரு சிறு இரும்புத் தகடு. பின்னால் ஃபிரேமின், அதாவது துப்பாக்கியின் உடற்சட்டத்தின், மேல்பட்டையில் வெட்டிய ஒரு பள்ளம். அவ்வளவுதான், திருப்புவதற்குத் திருகு ஒன்றும் கிடையாது. 1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி தொடங்கி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 வரை எத்தனையோ ரிவால்வர்களின் சைட் இப்படித்தான் இருக்கிறது. உறையில் உரசினாலும் கை தவறி விழுந்தாலும் அது சுலபத்தில் இடம் மாறாது. புதிதாக வாங்கியவரைத் திணறவைப்பதும் இதே உறுதிதான். நடுப்புள்ளியைப் பார்த்துச் சுட்டால் ஓட்டை நான்கு விரற்கடை கீழே, கொஞ்சம் இடப்பக்கமாக விழுகிறது. எதைத் திருப்பிச் சரிசெய்வது?

சரிசெய்ய வழி இருக்கிறது. ஆனால் அரத்தைக் கையில் எடுப்பது கடைசி வேலை. அரம் எடுத்துவிட்ட இரும்பு திரும்பி வராது, அதனால் அதற்கு முன்னால் உள்ள படிகளைப் பொறுமையாகச் செய்யுங்கள். உரிமத்தோடு ரிவால்வர் வைத்து, அனுமதி பெற்ற சுடுதளத்தில் பழகத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காரணம்

குழலின் நடுக்கோட்டிலிருந்து முன் சைட்டின் உச்சி எவ்வளவு உயரம், பின் பள்ளத்தின் உச்சி எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் முன் சைட்தான் உயரமாக இருக்கும். அப்படியென்றால் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்துக் குறிபார்க்கும்போது குழல் இலக்குக்குக் கீழே நோக்கி இருக்கிறது. இது தயாரிப்புப் பிழை அல்ல. தோட்டா வெடித்து, குண்டு குழலை விட்டு வெளியேற ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிறது. அந்தச் சின்ன நேரத்துக்குள்ளேயே ரிவால்வர் உதைத்து, குழல்முனை மேலே ஏறத் தொடங்கிவிடும். அந்த ஏற்றத்துக்கு இடம்விட்டுத்தான் முன் சைட்டை உயர்த்தி வைக்கிறார்கள்.

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கனமான குண்டு மெதுவாகப் போகிறது, குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது, உதையும் அதிகம். முனை நன்றாக ஏறியபிறகு வெளியே வருவதால் அது இலக்கில் மேலே படும். இலேசான, வேகமான குண்டு முனை ஏறுவதற்கு முன்பே போய்விடுவதால் கீழே படும். நீண்ட தூரம் ரைஃபிள் சுட்டுப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் கைத்துப்பாக்கி சுடும் தூரத்தில் குண்டு காற்றில் இறங்கும் அளவைவிட இந்த முனை ஏற்றத்தின் பங்கே பெரிது.

படி 1: துப்பாக்கியைப் பாருங்கள்

சிலிண்டரை (தோட்டாக்களைப் போடும் உருளையை) திறந்து அதிலுள்ள ஒவ்வொரு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி, காலியா என்று உறுதி செய்யுங்கள். தோட்டாக்களை வீட்டின் வேறொரு அறையில் வைத்துவிடுங்கள். அப்புறம் குழல் ஃபிரேமில் ஆடுகிறதா, குழல்வாயின் விளிம்பில் அடிபட்ட தடம் இருக்கிறதா, பின்னாலிருந்து பார்த்தால் முன் சைட் நேராக நிற்கிறதா அல்லது ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: ஒரே தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள்

நிலையான சைட்டை ஒரே ஒரு வகைத் தோட்டாவுக்குத்தான் பொருத்த முடியும். .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவைச் சுடும் ரிவால்வர்கள் பெரும்பாலும் 158 கிரெயின் குண்டுக்கு, அதாவது சுமார் 10 கிராம் எடைக்கு, அமைக்கப்பட்டவை. அதில் 110 அல்லது 125 கிரெயின் குண்டைப் போட்டுச் சுட்டுவிட்டு ‘கீழே அடிக்கிறது’ என்று முன் சைட்டை அராவிவிட்டால், பிறகு சரியான தோட்டா போடும்போது மேலே அடிக்கும். .45 கோல்ட் என்ற தோட்டாவுக்கு 250 முதல் 255 கிரெயின் வரையிலான குண்டுதான் பழைய வழக்கம். உங்கள் துப்பாக்கிக்கு வழக்கமான எடையிலேயே தொடங்குங்கள். பல நேரம் தோட்டாவை மாற்றியதுமே பிரச்சினை தீர்ந்துவிடும், வேறெதையும் தொட வேண்டியிருக்காது.

படி 3: தவறு உங்கள் கையிலா என்று பாருங்கள்

அவசரப்பட்டுத் தாண்டிவிடத் தோன்றும் படி இது. வலக்கைக்காரர் விசையை வெடுக்கென்று இழுத்தால் குண்டு கீழே, இடப்பக்கம் போகும். இடக்கைக்காரருக்குக் கீழே, வலப்பக்கம். ‘என் ரிவால்வர் இடப்பக்கம் கீழே அடிக்கிறது’ என்று வருபவர்களில் பலருக்குத் துப்பாக்கியில் ஒரு குறையும் இருக்காது.

கண்டுபிடிப்பது எளிது. நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் சில அறைகளில் உண்மைத் தோட்டாவும் சிலவற்றில் போலித் தோட்டாவும் போட்டுத் தரச் சொல்லுங்கள். போலித் தோட்டா வரும்போது குழல்முனை குபுக்கென்று கீழே சாய்ந்தால், நீங்கள் உதையை எதிர்பார்த்துக் கையை அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் பழக்கம் போகும்வரை அரத்தைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். இன்னொரு சோதனையும் உண்டு: நன்றாகச் சுடத் தெரிந்த ஒருவரிடம் அதே ரிவால்வரை, அதே தோட்டாவோடு கொடுங்கள். அவருக்கும் அதே இடத்தில் பட்டால் மட்டும் துப்பாக்கியைச் சந்தேகிக்கலாம்.

படி 4: ஓட்டைக் கொத்தை வைத்து அளவெடுங்கள்

நீங்கள் வழக்கமாகச் சுடும் தூரத்தை, உதாரணமாக 15 மீட்டரை, எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு அணிந்து, மேசையில் உட்கார்ந்து, கையை மணல்மூட்டையின் மேல் வையுங்கள். குழலை எதன்மேலும் முட்டுக்கொடுக்காதீர்கள். கடினமான பரப்பில் குழல் பட்டால் உதைக்கும் விதமே மாறி, குண்டு படும் இடமும் மாறிவிடும். எப்போதும் பிடிக்கிற அதே இறுக்கத்தில் பிடியுங்கள்.

சைட் பார்க்கும் முறையும் மாறக்கூடாது. முன் சைட்டின் தலை பள்ளத்தின் விளிம்போடு சமமாகவும், இருபுறமும் ஒரே அளவு வெளிச்சத்தோடும் இருக்க வேண்டும். கறுப்பு வட்டத்தின் அடியைப் பார்ப்பதா, நடுவைப் பார்ப்பதா என்று முதலிலேயே முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள்.

ஐந்து ஐந்தாக, குறைந்தது நான்கு தாள்கள் சுடுங்கள். ஒவ்வொரு தாளிலும் ஓட்டைக் கொத்தின் நடுப்புள்ளியைக் குறித்து, நான்கின் சராசரியை எடுங்கள். முடிந்தால் வேறொரு நாளும் இதையே செய்யுங்கள். வெயில் ஒரு பக்கமாக அடித்தாலே சைட் பார்வைக்கு நகர்ந்ததுபோல் தெரியும். கொத்து சிதறியே இருந்தால் அதற்கு நடுவென்று ஒன்று கிடையாது. அப்போது அறைகளுக்கு எண் போட்டு, எந்த அறை விலகி அடிக்கிறது என்று தேடுங்கள்.

படி 5: கணக்கு

முன் சைட்டில் குறைக்க வேண்டிய உயரம் = இலக்கில் தெரியும் பிழை × இரண்டு சைட்டுக்கும் இடைப்பட்ட தூரம் ÷ இலக்கின் தூரம்.

குண்டு 60 மில்லிமீட்டர் கீழே படுகிறது, சைட்களின் இடைவெளி 170 மில்லிமீட்டர், இலக்கு 15,000 மில்லிமீட்டர் தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 60 × 170 ÷ 15,000 = 0.68 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! கண்ணளவில் அராவினால் என்ன ஆகும் என்று இந்த எண்ணே சொல்லும். நுண்ணிய அளவெடுக்கும் வெர்னியர் காலிபர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

படி 6: அரம்

துப்பாக்கி கீழே அடித்தால் மட்டுமே இந்தப் படி. முன் சைட் குறைந்தால் அதை மட்டத்துக்குக் கொண்டுவர முனையை உயர்த்த வேண்டியிருக்கும், அதனால் குண்டு மேலே ஏறும்.

துப்பாக்கி காலி என்று மறுபடி பாருங்கள். குழலைச் சுற்றித் தடித்த டேப் ஒட்டி, தோல் வைத்த இடுக்கியில் மென்மையாகப் பிடியுங்கள். நைஸான தட்டை அரத்தால், ஒரே திசையில், தலையை மட்டும் அராவுங்கள். கணக்கில் வந்ததில் முக்கால் பங்கு எடுத்ததும் நிறுத்திவிடுங்கள். நம் உதாரணத்தில் அது அரை மில்லிமீட்டர். சுடுதளத்துக்குப் போய் மறுபடி இரண்டு மூன்று தாள் சுட்டுப் பாருங்கள். அதன்பிறகு இரண்டு இழுப்பு, மறுபடி ஐந்து தோட்டா, இப்படியே போங்கள். குறிக்கு ஒரு விரற்கடை கீழே வந்ததும் ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தால் நல்லது, கை பழகியதும் அதுவே சரியாகிவிடுவதும் உண்டு.

தலையை அராவும்போது உங்கள் கண்ணுக்குத் தெரியும் பின்விளிம்புதான் உச்சியாக இருக்க வேண்டும். அங்கிருந்து குழல்வாய்ப் பக்கம் மிக லேசாகச் சரியட்டும். இல்லாவிட்டால் வெளிச்சத்துக்கு ஏற்ப உயரம் மாறித் தெரியும். முடிந்ததும் கறுப்பேற்றும் திரவத்தைத் தடவிவிடுங்கள், பளபளக்கும் இரும்பைக் கண் சரியாகப் பிடிக்காது.

மேலே அடித்தால்?

அராவிப் பயனில்லை, முன் சைட் உயர வேண்டும். முதலில் தொழிற்சாலைத் தோட்டாவிலேயே இலேசான, வேகமான குண்டை முயலுங்கள். போதவில்லை என்றால் உயரமான சைட் பொருத்தும் வேலையைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். பின் பள்ளத்தின் மேல்விளிம்பை அராவித் தாழ்த்தினாலும் குண்டு இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மேல்பட்டை வெடியழுத்தத்தைத் தாங்கும் ஃபிரேமின் ஒரு பகுதி, அதைக் குறைக்க நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

பக்கவாட்டில் விலகினால்?

முன் சைட்டைப் பிழை இருக்கும் பக்கமே நகர்த்த வேண்டும். இடப்பக்கம் அடித்தால் முன் சைட் இடப்பக்கம் போக வேண்டும். விலகல் சிறிதாக, தகடு தடிமனாக இருந்தால் அதன் வலப்பக்கத்தை மெல்ல அராவலாம். நடு இடப்பக்கம் நகர்ந்துவிடும். பின் பள்ளத்தின் வலச்சுவரைக் கொஞ்சம் அகலப்படுத்துவதும் அதே பலனைத் தரும். தகடு ஏற்கெனவே மெலிந்திருந்தால் இதைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

விலகல் பெரிதாக இருந்தாலோ, படி 1-ல் சைட் சாய்ந்திருப்பதைப் பார்த்திருந்தாலோ, குழலையே இம்மியளவு திருப்ப வேண்டும். வலமுறைத் திருகுள்ள குழலை இறுக்கினால் முன் சைட் சுடுபவரின் இடப்பக்கம் போகும், தளர்த்தினால் வலப்பக்கம். இதை வீட்டில் செய்யாதீர்கள். அப்படிச் செய்பவர்கள் ஃபிரேமில் சிலிண்டர் உட்காரும் சன்னல் வழியாக மரக்கட்டையைச் செருகி நெம்பி, ஃபிரேமையே வளைத்துவிடுகிறார்கள். குழலைப் பிடிக்கத் தனி இடுக்கி, ஃபிரேமின் வடிவத்துக்கே செய்த பிடிகட்டை, சிலிண்டருக்கும் குழலுக்கும் இடைப்பட்ட இடைவெளியை அளக்கும் கருவி எல்லாம் வேண்டும். அவை உள்ள பழுதுபார்ப்பவரிடம் நீங்கள் சுட்ட நான்கு தாள்களையும், தோட்டா எது என்று எழுதி, சேர்த்துக் கொடுங்கள்.