பாய்மரப் படகின் மெயின்செயில் (முதன்மைப் பாய்) ஏறும்போது பாதியில் நின்றுவிட்டால் எங்கே பார்ப்பது?

பாய் முக்கால் உயரத்தில் நின்றதும் வின்ச் (கயிற்றை இழுக்கும் உருளை) கைப்பிடியைத் தேடாதீர்கள். வின்ச் பலத்தில் ஸ்லைடு (பாயைப் பாய்மரத் தடத்தில் ஓடவைக்கும் துண்டு) உடையும், பாயின் தலைமுனை கிழியும்; சிக்கல் மட்டும் அப்படியே இருக்கும்.

முதலில், பாயை ஏற்றும்போதே இவற்றைப் பாருங்கள். படகின் முகப்பு நேராகக் காற்றை நோக்கி இருக்கவேண்டும். பாயில் காற்று பிடித்தால் ஸ்லைடுகள் பக்கவாட்டில் அழுந்திப் பிடித்துக்கொள்ளும். பூமை (பாயின் அடியிலுள்ள கிடைக்கம்பு) இழுத்துப் பிடிக்கும் மெயின்ஷீட், அதைக் கீழே அழுத்தும் வாங், பாயின் முன்விளிம்பைக் கீழிழுக்கும் கன்னிங்ஹாம், பாயின் பரப்பைக் குறைக்கும் ரீஃப் கயிறுகள் எல்லாம் தளர்ந்திருக்கட்டும். வாங் இறுகியிருந்தால் பூம் மேலெழ முடியாது. கடைசி ஓரடி ஏறாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பேட்டன் (பாயை விறைப்பாக வைக்கும் பட்டை) முனை லேசி ஜாக்கில் (இறங்கும் பாயைப் பூமின் மேல் தாங்கும் கயிறுகள்) மாட்டியிருக்கிறதா, ஹாலியார்ட் (பாயை ஏற்றும் கயிறு) ஸ்ப்ரெடரைச் (பாய்மரத்தின் குறுக்குக் கை) சுற்றியிருக்கிறதா என்று அண்ணாந்தும் பாருங்கள்.

அப்படியும் கனமாக இருந்தால், காற்றில்லாத நாளில் படகைத் துறையில் கட்டிவைத்து ஒரு சோதனை செய்யலாம்.

1. ஹாலியார்டைப் பாயிலிருந்து கழற்றி, அதன் ஷேக்கிளில் (நுனியிலுள்ள இணைப்பு வளையம்) பாய்மர உயரத்தைவிட நீளமான மெல்லிய கயிற்றைக் கட்டுங்கள். இதை மறந்தால் ஷேக்கிள் உச்சியிலேயே தங்கிவிடும், ஆள் ஏறித்தான் இறக்கவேண்டும்.

2. கிளட்ச்சைத் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கருவி) திறந்து, ஹாலியார்டைக் கையால் இழுங்கள். கனமாக வந்தால் கோளாறு கயிற்று வழியில். லேசாக ஓடினால் பாய்மரத் தடத்தில்.

3. கயிற்று வழி என்றால், பாய்மரத்தின் அடியில், கயிறு கப்பிக்குள் நுழையுமுன் பிடித்து இழுத்துப் பாருங்கள். அங்கே லேசாக வந்தால் தளத்திலுள்ள கப்பிகளும் கிளட்ச்சும்தான் குற்றவாளிகள். அங்கேயும் கனமாக வந்தால் உச்சிக்கப்பி தேய்ந்திருக்கலாம், அல்லது கயிறு பள்ளத்தைவிடத் தடித்திருக்கலாம். 10 மி.மீ. கயிற்றுக்கான கப்பியில் 12 மி.மீ. போட்டால் உரசத்தான் செய்யும். உச்சிக்கு ஏறும் வேலையைப் பழகியவரிடம் விடுங்கள்.

4. தடம் என்றால், நல்ல தண்ணீரைப் பீய்ச்சி உப்பைக் கரையுங்கள். உதிரி ஸ்லைடில் துணி சுற்றி, கீழே இழுக்க ஒரு கயிறும் கட்டி, ஹாலியார்டால் மேலும் கீழும் ஓட்டுங்கள். காய்ந்தபின் உலர் சிலிக்கான் அல்லது டெஃப்லான் ஸ்ப்ரே. கிரீஸ் வேண்டவே வேண்டாம்: தூசியைச் சேர்க்கும், பாயைக் கறையாக்கும். விளிம்பு பிய்ந்த ஸ்லைடுகளை மாற்றிவிடுங்கள்.

முழுநீள பேட்டன் உள்ள பாயில் இன்னொன்று: பேட்டனை அளவுக்கு மீறி இறுக்கினால் அது ஸ்லைடுகளைப் பாய்மரத்தின் மேல் நெருக்கும். பாயின் செங்குத்துச் சுருக்கம் மறையும் அளவு இறுக்கம் போதும்.

சரியானதும் பாயை முழுதாக ஏற்றி, கிளட்ச் அருகே ஹாலியார்டில் வண்ண நூலால் ஒரு தையல் போடுங்கள்; பாய் உச்சி தொட்டதற்கு அது அடையாளம். உச்சி தொட்ட பாயை மேலும் இழுப்பதும் புதியவர்களிடம் அடிக்கடி நடப்பதுதான்.