இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு ரீஃபாக்டரிங்கைக் கண்டறிவது எப்படி?

கும்பகோணத்துக்கு அருகே நடவு இயந்திரங்களை ஏக்கர் கணக்கில் வாடகைக்கு விடும் ஒருவருக்காக நான் எழுதிய ஜாவா நிரல், குறுவை நடவின்போது ஐந்து மா (ஒரு மா என்பது 33 சென்ட், அதாவது 0.33 ஏக்கர்) நிலத்துக்கு 1.65 ஏக்கருக்குப் பதிலாக 1 ஏக்கர் என்று ரசீது போட்டுவிட்டது. அதற்கு முந்தைய கமிட்டில் (கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் சேமித்த மாற்றத் தொகுப்பில்) நான் செய்தது ரீஃபாக்டரிங் மட்டுமே, அதாவது செயல்பாட்டைத் தொடாமல் அமைப்பை மட்டும் சீர்செய்தேன் என்றே நம்பியிருந்தேன்.

படி 1. நிரலின் கோப்புகளும் பழைய கமிட்டுகளும் இருக்கும் களஞ்சியத்தை முழு வரலாற்றோடு குளோன் செய்யுங்கள், அதாவது நகலெடுத்து இறக்குங்கள். டெப்த் 1 என்று கொடுத்து இறக்கினால் முந்தைய கமிட் கைக்கு வராது; ஒப்பிட எதுவும் இராது. அப்படி ஏற்கெனவே இறக்கிவிட்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கிட் ஃபெட்ச் கட்டளையோடு அன்ஷாலோ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போதும்.

படி 2. இரண்டு பதிப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் கிட் டிஃப் கட்டளையில் கலர் மூவ்டு விருப்பத்தைச் சேருங்கள். இடம் மாறிய வரிகள் தனி நிறத்தில் தெரியும். நான் நெடுநேரம் தடுமாறியது இங்கேதான். மாவை ஏக்கராக்கும் வரிகளை ஓர் இஃப் தொகுதிக்குள்ளிருந்து எடுத்துத் தனி மெத்தடாக (பெயரிட்டு அழைக்கும் நிரல்பகுதியாக) ஆக்கியிருந்ததால் அவற்றின் உள்தள்ளல் மாறிவிட்டது. எனவே எல்லா வரிகளும் நீக்கப்பட்டவையாகவும் புதியவையாகவுமே தெரிந்தன. கலர் மூவ்டு டபிள்யூஎஸ் விருப்பத்துக்கு அலவ் இண்டென்டேஷன் சேஞ்ச் என்ற மதிப்பைக் கொடுத்தபின், இடம் மாறிய வரிகள் ஒரு நிறத்தில் ஒதுங்க, ஒரே ஒரு வரி மட்டும் வழக்கமான சிவப்பிலும் பச்சையிலும் நின்றது. பழைய வரியில் மாவின் எண்ணிக்கையை 33 சென்ட்டால் பெருக்கி 100.0 ஆல் வகுத்திருந்தேன். புதிய வரியில் 100 என்று இருந்தது. ஜாவா முழு எண்களை வகுக்கும்போது பின்னத்தை விட்டுவிடுவதால், 165 சென்ட் 1 ஏக்கராகிவிட்டது.

படி 3. கோப்பின் பெயர் மாறியிருந்தால் கிட் அதை எங்கும் பதிவு செய்வதில்லை; உள்ளடக்கத்தை ஒப்பிட்டு ஊகிக்கிறது. ஒற்றுமை 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ஒரு கோப்பு நீங்கி இன்னொன்று வந்ததாகவே காட்டும். கிட் டிஃப்பில் பெரிய எம் விருப்பத்தோடு 40 விழுக்காடு என்று கொடுத்துப் பாருங்கள். பெயர் மாற்றத்தையும் உள்மாற்றத்தையும் வெவ்வேறு கமிட்டுகளாகப் பிரிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

படி 4. ஜாவா நிரல் என்றால் நான் ரீஃபாக்டரிங் மைனர் என்ற கருவியையே பரிந்துரைப்பேன். அது வரிகளை அல்லாமல் தொடரியல் மரங்களை (நிரலின் இலக்கண அமைப்பை) ஒப்பிடுவதால், மெத்தட் பிரிந்ததையும் பெயர் மாறியதையும் வகுப்பு இடம் மாறியதையும் பெயர் சொல்லிக் காட்டும். நிரலைக் கம்பைல் செய்யவும் தேவையில்லை. சிறிய சி விருப்பத்துக்குப் பின் களஞ்சியத்தின் பாதையையும் கமிட்டின் அடையாளத்தையும் கொடுங்கள்.

ஆனால் எக்ஸ்ட்ராக்ட் மெத்தட் (மெத்தட் பிரித்தெடுப்பு) என்று அது காட்டுவது வடிவத்தைப் பற்றிய செய்தி மட்டுமே. செயல்பாடு மாறவில்லை என்பதற்கு அது உறுதி அல்ல. ஆகவே பட்டியலில் வரும் ஒவ்வொரு மெத்தடுக்கும் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து விடையைச் சரிபாருங்கள். நான் இப்போது ஒரு மா, ஐந்து மா, ஒரு வேலி (20 மா) ஆகிய மூன்றையும் கொடுத்துப் பார்க்கிறேன்: 0.33, 1.65, 6.6 என்று இரண்டு பதிப்புகளிலும் வந்தால்தான் கமிட்டை ஏற்கிறேன்.